கல்யாணப் படத்தில் சாய்ந்திருந்த தலை

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை. மலேசியாவில், சுங்காயிலிருந்து உள்ளே போகும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. ரப்பர் என்று சொல்வது பழக்கதோஷம்தான். அங்கே மரமெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகி ரொம்ப காலம் ஆகிவிட்டது. கோவிலும், அதற்குப் பக்கத்தில் ஒரு தகரக்கூரை மண்டபமும், எங்கேயும் போக முடியாத முப்பது நாற்பது குடும்பங்களும் மட்டும் மிச்சம். அந்த மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை நடத்தப் போயிருந்தேன்.

நான் ஈப்போவில் ஒரு கல்லூரி விரிவுரையாளன். கண் அசைவுக் கோளாறுகள் என் பாடம். மாறுகண், இரட்டைப் பார்வை, நிற்காமல் ஆடும் கண் இதெல்லாம்தான் என் சரக்கு. டாக்டர் பட்டம் உண்டு, ஆனால் அது ஆராய்ச்சிக்கு வாங்கியது. மருந்து எழுதித் தரவும் முடியாது, கத்தியைத் தொடவும் முடியாது. "வீட்ல காய்ச்சல்னா எதுக்கும் உதவாத டாக்டர்லா இவரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். தோட்டத்தில் அந்த வித்தியாசம் தெரியாமல் "டாக்டர், டாக்டர்" என்பார்கள். நானும் திருத்தமாட்டேன். காதுக்கு நன்றாகத்தானே இருக்கிறது?

அந்த இலவசப் பரிசோதனைக்குப் பின்னால் என் சுயநலமும் இருந்தது. கண்ணை அசைக்கும் தசைகளில் மெல்லியதாக ஒன்று உண்டு. சிலருக்கு அது பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியாமல் இருக்க, அவர்கள் தங்களை அறியாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்தே வாழ்ந்துவிடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல் தசை களைத்துப்போய், ஒரு நாள் படி இரண்டாகத் தெரியும். இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அதற்கு இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. கட்டுரை வந்தால் பதவி உயர்வு. அந்த ஒரு ஆளைத் தேடித்தான் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தேன்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதே தசை புதிதாகவும் பலவீனமாகலாம். அப்படியானால் தலைக்குள் ஏதோ வளர்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதனால் பழசா, புதுசா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு சுலப வழி, பழைய படங்களைப் பார்ப்பது. சின்ன வயசுப் படத்திலும் தலை சாய்ந்திருந்தால் பழசு, நிம்மதி. இன்னொரு வழி, பட்டகக் கண்ணாடிகளை வரிசையாகக் கண் முன்னால் பிடித்து அளப்பது. அந்தப் பெட்டி நான் ஓட்டிவந்த காடியின் பின்பக்கம் இருந்தது. வெளியே கொட்டு கொட்டென்று மழை.

உதவிக்கு வரவேண்டிய மாணவி லீவு. பேர் பதிவதிலிருந்து எல்லாம் நானே. ஒவ்வொருவராக அடையாள அட்டையான ஐ.சி.யை நீட்ட, நம்பரை எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன். மதியம் ஒரு அக்கா வந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குவார், மற்ற நேரம் ரவிக்கை தைப்பார். கோவில் படி இறங்கினால் இரண்டு படியாகத் தெரிகிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றார். தலை வலது தோள் பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு உள்ளுக்குள் தாரை தப்பட்டை.

"எவ்வளவு நாளா தலை இப்படி இருக்கு அக்கா?"

"எனக்குத் தெரியல டாக்டர். இவருதான் பொங்கலுக்கு அப்புறம் சாயுதுங்கறாரு."

பின்னால் அவர் கணவர் நின்றிருந்தார். லாரி ஓட்டுகிறவர். நான் ஒரு மகா நகைச்சுவையாளன் இல்லையா? மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னேன்: "புருஷன்மாருக்கு பொண்டாட்டி முகம் கண்ணுல படவே இருபது வருஷம் ஆகும்லா. அண்ணனுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு!"

மண்டபமே சிரித்தது. அந்த அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சின்ன வயசுப் படம் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய லயத்து வரிசை வீடுகளை உடைத்தபோது எல்லாம் போய்விட்டதாம், கல்யாணப் படம் ஒன்றுதான் இருக்கிறதாம். கணவர் மோட்டார் சைக்கிளில் போய், பிளாஸ்டிக் பையில் சுற்றி, தான் நனைந்தபடி கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக மணப்பெண். தலை அதே வலது பக்கம் சாய்ந்திருந்தது.

கையே தட்டிவிட்டேன். பிறவியிலேயே உள்ளது, பயப்பட ஒன்றுமில்லை என்றேன். கல்லூரி முத்திரை போட்ட தாளில் அதையே ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்தேன். பிரதி எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று படத்தை வாங்கிக்கொண்டேன். பட்டகப் பெட்டி காடியிலேயே இருந்தது.

ஏழு மாதம் கழித்து தீபாவளி. சிலிம் ரிவரில் என் மனைவியின் அக்கா வீட்டில் விருந்து. கையில் முறுக்கோடு வரவேற்பறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கல்யாணப் படம், அவர் நாத்தனார்கள் இரண்டு பேருடையது, பக்கத்தில் ஓர் ஓரகத்தியுடையது. நாலு மணப்பெண்களுக்கும் தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது, நாலும் ஒரே அளவில்.

"என்ன அக்கா, உங்க குடும்பத்துக்கே கழுத்து சுளுக்கா?"

"அட, அது அந்த ஸ்டூடியோ அங்கிள் வேலைலா" என்றார் அக்கா. "இந்தப் பக்கம் கல்யாணம்னா அந்தச் சீன அங்கிள்தான் படம் எடுப்பாரு. பொண்ணு வந்து நின்னா போதும், 'செங்கேட் சிக்கிட், கொஞ்சம் சாயும்மா'னு தாடையப் புடிச்சு சாச்சு விட்டுருவாரு. நேரா நின்னா பொண்ணு திமிரு புடிச்சவளாட்டம் இருப்பாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் தோட்டத்து அக்காவின் படம் நினைவுக்கு வர, முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டேன்.

எங்கள் கல்யாணப் படத்திலும் என் மனைவியின் தலை சாய்ந்துதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அதன் கீழே உட்கார்ந்துதான் சோறு சாப்பிடுகிறேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பதற்றத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் எழுந்தேன். வாசலில் கிடந்த செருப்பில் ஒன்று என்னுடையது, இன்னொன்று யாரோ ஒரு பெண்ணுடையது. அந்த ஜோடியையே மாட்டிக்கொண்டு காடியைக் கிளப்பிவிட்டேன். சுங்காய் ரோட்டில் மழை. எதிரே நாலு விளக்கு தெரிந்தது. சரி, எனக்கும் அந்தத் தசை போய்விட்டது, இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று காடியை ஓரம் கட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அப்போதும் நாலு. கிட்டே வந்தபோது பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு லாரி. செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு தடவை தப்பாகப் போய், ஒரே நாயிடம் இரண்டு தடவை குரைப்பு வாங்கினேன். போன் அடித்தது. "உங்களுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா, ஞாபகம் இருக்கா? அவள சிலிம் ரிவர்ல விட்டுட்டீங்க" என்றாள்.

ஒருவழியாகத் தோட்டத்து அக்காவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அக்காதான் கதவைத் திறந்தார், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. முகம் பாதியாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"பாப்பா, டாக்டர் தீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு பாரு! பலகாரம் எடுத்து வை."

பன்னிரண்டு வயதிருக்கும் மகள் தட்டோடு வந்தாள். விசாரித்தேன். இரண்டு மாதமாகக் காலையில் வாந்தி. நடந்தால் தள்ளாட்டம், குளியலறையில் இரண்டு தடவை விழுந்தாயிற்று. கிளினிக் நர்ஸ் ஈப்போவுக்குப் போகச் சொல்லியும் இவர் போகவில்லை. என் கடிதத்தை எடுத்துக் காட்டி, பெரிய டாக்டர் பார்த்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம்.

"பிறவிதான், பயப்படாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் பயப்படாமயே இருக்கேன்" என்றார்.

அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அன்றைக்கே என் காடியில் ஏற்றிக்கொண்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவரும் மகளும் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். பதிவு முகப்பில் ஐ.சி. கேட்டார்கள். கணவர் எடுத்து என் கையில் கொடுத்தார், நான் முகப்பில் நீட்டவேண்டும். நீட்டுவதற்கு முன் பார்த்தேன். ஐ.சி. படத்தில் அக்கா நேராக இருந்தார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி நேர். மார்ச் மாதம் அந்த மண்டபத்தில் இதே அட்டை என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தவன் நான். கண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன்.

பின்மண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள், முழுதும் எடுக்க முடியவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சர்ஜனிடம், ஏதோ பாடத்துக்காகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சொல்ல முடியாது என்றார். காப்பாற்றியிருக்க முடியும் என்று சொல்லியிருந்தால் ஒரேயடியாக உடைந்திருப்பேன். அப்போதும் காப்பாற்றியிருக்க முடியாது என்றிருந்தால் தூங்கியிருப்பேன். அவர் சொன்னதில் இரண்டுக்கும் வழியில்லை.

பத்து நாள் கழித்து அந்த அக்கா எழுந்து உட்கார்ந்தார். கல்யாணப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஏழு மாதமாக அது என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். பட்டகப் பெட்டி, மழை, ஆராய்ச்சிக்கு ஒரு ஆள் குறைந்தது, ஐ.சி. எல்லாம் சொன்னேன். அவ்வளவு நேரம் வேடிக்கை இல்லாமல் நான் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அவர் கோபப்படவில்லை. படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"எனக்கு சாயவே வரல டாக்டர். அந்த ஆளு மூணு தடவ வந்து சாச்சாரு. நான் நேராயிட்டே இருந்தேன். கடைசில கைய எடுக்காம புடிச்சிருந்து, எடுத்த வேகத்துல ஓடிப்போய்ப் படம் புடிச்சாரு." கொஞ்சம் சிரித்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேக்கலையே" என்றார்.

அடுத்த வருடம் ஆடி மாதம் அவர் இறந்துபோனார். கட்டுரையிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். ஒரு ஆள் குறைந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் இல்லாமலே கட்டுரை வெளிவந்தது, பதவி உயர்வும் வந்தது. அந்த ஒரு ஆள் எனக்குத் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

துக்கத்துக்குப் போயிருந்தேன். மாலை போட்டு வைத்திருந்த படம், ஐ.சி.யிலிருந்து பெரிதாக்கியது. கல்யாணப் படத்தை வைக்கலாம் என்று கணவர் நினைத்தாராம். மகள்தான் வேண்டாம் என்றுவிட்டாளாம். "எங்கம்மா இப்படித்தான் நேரா இருப்பாங்க" என்று என்னிடம் சொன்னாள், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி. அந்தப் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கணவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க டாக்டர்" என்றார். இன்னும் டாக்டர்தான். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் திருத்தினேன். "நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல அண்ணே" என்றேன். "தெரியும், ஆஸ்பத்திரில சொன்னாங்க" என்றார்.

இப்போது நோயாளிகளின் ஐ.சி.யை வாங்கினால் முதலில் படத்தைத்தான் பார்க்கிறேன். பழைய படம் கொண்டுவருகிறவர்களிடம், யார் எடுத்தது, எப்படி நிற்கச் சொன்னார்கள் என்று கேட்கிறேன். என் மாணவர்கள் அதற்கு என்னைக் கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். நானும் வகுப்பில் பழையபடி கோமாளித்தனம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், அந்தப் புத்தி எங்கே போகும்? ஆனால் என் வேடிக்கைக்கு அறையே சிரிக்கும்போது, சிரிக்காத ஒருவர் இருக்கிறாரா என்று என் கண் தேடிப் போகிறது, ஏனென்றால் அந்த மழைநாளில் மண்டபமே சிரித்தபோது தன் மனைவியின் தலையையே பார்த்துக்கொண்டு சிரிக்காமல் நின்ற ஒருவர் இருந்தார், அங்கே இருந்தவர்களில் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.