கிணறு தாண்டும் இடத்துச் சுரம்

போன வாரம் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். "மாமா, இது நீங்க வேலை செஞ்ச கேம்தானுங்களே?" என்று கீழே ஒரு வரி. எந்த நாட்டுக்காரனோ, தாடி வைத்த ஒரு பையன், பழைய டிவி கேம்களின் சத்தத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசுகிறான். உலகத்தில் இதற்கும் ஆள் இருக்கிறது. நடுவில் எங்கள் அணில் வந்தது. கிணறு கிணறாகத் தாண்டிக்கொண்டு ஓடும் அணில். இதன் சத்தத்தைச் செய்தது யாரென்று தெரியவில்லையாம். ஆனால் கிணறு தாண்டும் இடத்தில் ஓர் உச்சி சுரம் வருகிறதே, அதை அவ்வளவு உரக்க வைக்க வேறு யாருக்கும் தைரியம் வராதாம். மேதை என்றான். அந்த ஒரு சுரத்துக்காகத்தான், அதைச் செய்த செல்வராணியை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

எங்கள் ஆபீஸ் காந்திபுரத்தில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி. கீழே காயிலை வார்னிஷில் முக்கி வாட்டுவார்கள். அந்த வாசம் படியேறி வந்து எங்கள் தயிர் சாதத்தில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் பம்பு செட் கடை எதையாவது தாண்டிப் போனால் எனக்கு அணில் பாட்டுத்தான் கேட்கும். மூக்குக்கும் காதுக்கும் உள்ளே என்ன சம்பந்தமோ.

விசிட்டிங் கார்டில் சவுண்டு புரோகிராமர் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமனார், "அப்ப கல்யாணத்துக்கு மைக் செட்டு நீங்களே கட்டிக்குவீங்களா மாப்ள?" என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பிக்க, பாதியில் அவர் எழுந்து பலகாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். உங்களுக்காவது சொல்கிறேன். அந்த கேம் பெட்டியில் இருந்த சில்லு ஒரே நேரத்தில் நாலு சத்தம்தான் போடும். இரண்டு பாடும், ஒன்று அடியில் உறுமும், நாலாவதுக்கு 'உஸ்' என்று இரைய மட்டும்தான் தெரியும். அந்த இரைச்சலை நறுக்கித்தான் தாளம் செய்ய வேண்டும். அணில் குதித்தால், குதிக்கிற சத்தத்துக்கு வழிவிட்டுப் பாடுகிற ஒன்று வாயை மூடிக்கொள்ளும். மூன்று சுரம் சேர்ந்து கேட்க வேண்டுமா, ஒரே குரலில் மூன்றையும் மாற்றி மாற்றி விரட்டுவோம். காது ஏமாந்துபோய் அதைச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளும். எங்கள் பிழைப்பே காதை ஏமாற்றுவதுதான்.

செல்வராணிக்குச் சோமனூர் பக்கம், தறிக்காரர் வீடு. விசைத்தறி ஓடும் கொட்டகையிலேயே தொட்டில் கட்டி வளர்ந்தவர். தறி வீட்டுக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் சத்தமாகத்தான் பேசுவார். அவர் டப்பாவில் என்ன பொரியல் என்பது கீழே காயில் கட்டுகிறவர் வரைக்கும் தெரியும்.

"தறி ஓடுறப்ப நல்லாத் தூங்குவமுங்ணா," என்று ஒரு நாள் சொன்னார். "கரண்டு போயி தறி நின்னுச்சுன்னாத்தான் எல்லாரும் முழிச்சுக்குவோம்."

இதையே கேமில் கொண்டுவந்து வைத்தார். கிணறு பக்கத்தில் வந்ததும் அடியில் உறுமுகிற குரலைச் சட்டென்று நிறுத்திவிடுவார். ஆடுகிறவருக்குத் தூக்கிவாரிப்போடும். உடனே தாண்டுவார். தாண்டும் நேரத்தில் மேலே அந்த உச்சி சுரம். அதன் உரப்பை மட்டும் கடைசிப் படி வரைக்கும் ஏற்றி வைத்திருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் காது கூசியது. கலை என்றால் கொஞ்சம் கூசத்தான் செய்யும் என்று நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். தாடிக்காரனுக்கு முன்னாலேயே அந்த மடத்தனத்தைச் செய்தவன் நான்.

கேம் சில்லில் அச்சாகி வந்து, பெட்டியில் ஏறி, வெளிநாட்டில் விற்பனைக்கும் போன பிறகு அங்கிருந்து புகார் வந்தது. அந்த இடத்தில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கிறார்களாம். இனி மாற்ற வழியே கிடையாது. ஆனாலும் யார் தலையையாவது உருட்ட வேண்டுமே.

"அம்மணி, காதுல ஊசிய ஏத்தற மாதர இருக்குது," என்றார் முதலாளி. "கொறைக்கச் சொல்லி நா அப்பவே சொன்னனா இல்லீங்களா?"

"கொறைச்சா அந்த எடம் கேக்கறதே இல்லீங்களே சார்."

"ஊருக்கே கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்கலையா? இதுக்குப் பேரு திமிருங்க."

அன்றைக்கே கணக்கை முடித்துவிட்டார். செல்வராணி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு படியில் நின்று, "வேணும்னே பழியப் போட்டு அனுப்பறாருங்ணா. நா இத மறக்க மாட்டேன். வாரேனுங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார். சொன்னபடி மறக்கவும் இல்லை. அப்புறம் நூல் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், இலையில் உட்காருவதற்குள் முதலாளியை ஒரு பாட்டம் திட்டிவிடுவார். திட்டும்போது அவர் முகத்தில் பழைய களை வந்துவிடும்.

அதனால்தான் வீடியோவைக் காட்ட ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு சோமனூருக்குப் போனேன். தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். கொட்டகையில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கிறது. தாடிக்காரன் சொன்னதை நான் கத்திக் கத்தித் தமிழில் சொல்ல, மேதை என்றதும் அவர் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இத மொதல்ல அந்த மொதலாளிகிட்டக் கொண்டுபோயிக் காட்டுங்ணா."

பிறகு போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். அணில் ஓடியது, உறுமல் நின்றது, தாண்டியது. இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்.

"தாண்டற எடத்துல ஒண்ணுமே இல்லீங்களே. பாருங்க, அன்னைக்கே எடுத்துப்போட்டிருக்கறாரு."

பக்கத்தில் நின்ற எனக்கோ அந்தச் சுரம் வீல் என்று கேட்டது. அதைச் சொல்வதற்குள் அவர் காலேஜ் படிக்கிற மகளைக் கூப்பிட்டார். "இங்க ஏதாச்சும் கேக்குதா கண்ணு?"

அந்தப் பெண் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். "கீச்சுன்னு காதக் கிழிக்குதும்மா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே தறிச் சத்தம் அவர் காதில் உச்சி சுரங்கள் கேட்கும் பாதியைத் தின்று வந்திருக்கிறது. தன் காதுக்கு எட்டும்வரை அவர் அந்தச் சுரத்தை ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது அதுவும் எட்டாமல் போய்விட்டது. அவருக்கும் விளங்கிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப மொதலாளி சொன்னது நெசந்தானுங்களா?" என்றார்.

"நெசமாவே இருக்கட்டுங்க. உங்களுக்கு ஏன் கேக்கலைன்னு அந்தாளு ஒரு வார்த்த கேட்டாரா?" என்றேன். மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "என்னங்ணா?" என்று காதைத் திருப்பினார்.

திரும்பி வரும்போது காந்திபுரம் வழியாகத்தான் வந்தேன். ஆபீஸ் இருந்த மாடியில் போன் கவர் விற்கிறார்கள். காயில் கடை போய்விட்டது, தறியும் போய்விட்டது. முதலாளி மேல் இருந்த கோபம் ஒன்றைத்தான் செல்வராணி இத்தனை வருஷமும் தனக்கென்று வைத்திருந்தார். அதையும் நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு போய்ப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டேன்.