ஒன்றாம் எண் ஷமீமா அக்காவுடையது

செய்தி வேலையிடத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. “நம் அன்புச் சகோதரி ஷமீமா காலமானார்” என்று முதலாளி போட்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் அவரை வேலையை விட்டு அனுப்பியவரும் இவர்தான்.

கடலூரில் நாங்கள் வேலை செய்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், கம்ப்யூட்டரில் போன் நம்பரை அடித்தால்தான் ஒருவருடைய பக்கம் திறக்கும். அக்காவுக்கு அது பிடிக்காது. “போன் நம்பர் வூட்டுக்குத்தான் சார், ஆளுக்கு இல்ல. புருஷன் துபாய்ல இருப்பான், போன் மாமியார் கையில இருக்கும். ஆளுக்கு ஒரு நம்பர் போடுங்க” என்பார்.

“ரேஷன் கடையாம்மா நடத்துறோம்?” என்று முதலாளி சிரிப்பார்.

அக்கா விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தானே கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் தயாரித்தார். ஒன்றாம் எண்ணில் தன் பெயரைப் போட்டுப் பார்த்தார். இரண்டில் என் பெயர். “பேரு மாறும், போன் மாறும். இது மாறக் கூடாது. ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தருக்குக் குடுக்காத. ஆளு செத்தாலும் குடுக்காத” என்றார். நான் தலையாட்டினேன். “வாயில என்னடி, கொழுக்கட்டையா?” என்றார்.

ஒரு நாள் மாமியாரும் கர்ப்பிணி மருமகளும் சர்க்கரை பார்க்க வந்தார்கள். இருவருக்கும் ஒரே போன் நம்பர். மருமகளுக்காக அதை அடித்தேன். மாமியாரின் பக்கம் திறந்தது. பெயரையும் வயதையும் மாற்றினேன். மாமியாரின் கூடுதலான சர்க்கரை அளவை மாற்ற மறந்தேன்; அதுவே மருமகளின் ரிப்போர்ட்டாகப் போனது. அந்தப் பெண் பத்து நாள் சோற்றைக் குறைத்து, மயங்கி விழுந்தாள்.

அவளுடைய அண்ணன் வந்து கத்தினான். “கம்ப்யூட்டர் இவுங்க பொறுப்பு. நாளையிலேர்ந்து வர மாட்டாங்க” என்று முதலாளி அக்காவைக் காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதமே ஆளுக்கு ஒரு எண் வந்தது. அக்காவின் பட்டியலேதான். “நான் யோசிச்சு கொண்டாந்தது” என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். அக்கா சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றார். நான் ஒரு முறைகூடப் போன் செய்யவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். “நீ யாரும்மா?” என்று அவருடைய அம்மா கேட்டார். “கூட வேலை பாத்தேன்” என்று மட்டும் சொன்னேன். அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இப்போது சொல்கிறேன்: அந்த ரிப்போர்ட்டை அடித்தவள் நான்.

நேற்று முதலாளி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். “ஒண்ணாம் நம்பர் சும்மாதான கெடக்கு? அத அழிச்சிட்டு எம் பேரப் போடு.”

“அது ஷமீமா அக்கா நம்பர் சார். அழிக்க மாட்டேன்.”

அவரிடம் நான் இவ்வளவு பேசியது அதுவே முதல் முறை. வேலை எத்தனை நாள் இருக்குமோ தெரியாது. இன்று காலையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் அக்கா இருக்கிறார்.