மாட்டுக் கொட்டகைக்கு எத்தனை லைட்டு

எங்க வீட்டுக்காரர் மஸ்கட்டுல பதினேழு வருஷம் வயர்மேன். அங்க யார் யார் வீட்டுக்கோ பளபளன்னு லைட்டு போட்டாரு. இங்க நான் விடிகாலையில செல்போன் டார்ச்சைப் பல்லால கடிச்சுக்கிட்டு பால் கறந்தேன். லீவுக்கு வர்றப்ப எல்லாம் இதைச் சொல்லிக் காட்டுறதுதான் எனக்கு வேலை. போன சித்திரையில வந்தவர், நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே, "கொட்டகைக்கு வயரிங் பண்ணிடலாம்"னாரு. அன்னைக்கு மழை பெய்யாம போனது ஆச்சரியம்தான்.

எங்க மாமனார் காலத்துல அடுத்தவங்க மாட்டைத்தான் மேய்ச்சோம். இப்ப ரெண்டு கறவை, ஒரு கன்னுக்குட்டி, சிமெண்டுத் தூண் நிறுத்தி தகரம் போட்ட கொட்டகை, எல்லாம் எங்களுது. அதுக்குள்ள நின்னு நிமிந்து பார்த்தாலே எனக்குப் பெருமையா இருக்கும்.

ஆனா மனசுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அவருக்கு காண்ட்ராக்ட் முடிஞ்சிருந்துச்சு, கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. வர்றேனா இல்லையான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள ஏஜெண்டுக்குச் சொல்லணும். பெரியவ மயிலாடுதுறையில நர்ஸா வேலைக்குப் போயிட்டா, சின்னவளும் படிப்பை முடிக்கப் போறா. இனிமே என்னத்துக்குப் போகணும்? இதை நான் கேக்கல. கேட்டா அழுதுடுவேன். அவரும் அந்தப் பேச்சையே எடுக்கல.

செவ்வாய்க்கிழமை, கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னாடி ஸ்கேல் வச்சு பிளான் போட்டாரு. மனுஷன் என்னமா யோசிச்சிருக்காரு! மாடு சுவத்துல கழுத்தைத் தேய்க்கும், அதனால வயர் போற பைப்பை உசரத்துலதான் கொண்டு போகணுமாம். ஐப்பசி மழையில தரை காயவே காயாது, கொஞ்சூண்டு கரண்டு கசிஞ்சாலும் மாடு தாங்காது, அதனால பள்ளம் வெட்டி கரியும் உப்பும் கொட்டி நல்ல எர்த் போடணும். லீக்கேஜ் ஆனா தானா ஆஃப் ஆகுற ட்ரிப்பர் கட்டாயம் வேணும். பூச்சி அடையாம இருக்க பல்புக்கு மூடி. வயரெல்லாம் கும்பகோணத்துல தரம் பார்த்து வாங்கணும்.

"இது எதுக்கு ரெண்டு சுவிட்சு?"ன்னு கேட்டேன்.

"ஒன்னு அடுப்படியில, ஒன்னு கொட்டகையில. நீ இருட்டுல நடந்து வர வேணாம், உள்ள இருந்தே போட்டுக்கலாம். உன் தோள் உசரத்துக்குத்தான் வைக்கிறேன். எது எதுக்குன்னு கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிடுறேன். நான் இல்லாதப்ப நீ யாரையும் கூப்பிட வேணாம்."

அந்த 'நான் இல்லாதப்ப'ங்கிற வார்த்தையில எனக்கு சுருக்குன்னுச்சு. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கை எட்டுற சுவிட்சு, நான் உக்காருற இடத்துக்கு மேல லைட்டு, நான் தண்ணி மொள்ற தொட்டி.

"எல்லாம் சரிங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"வயரிங் பிளான்ல ஆளையெல்லாம் வரைய மாட்டாங்க"ன்னாரு.

வந்துச்சே எனக்குக் கோவம்! "என்னமோ போங்க"ன்னு தாளை அரிசி டின் மேல விட்டெறிஞ்சுட்டு எழுந்து போயிட்டேன். அப்புறம் ரெண்டு நாளு நான் பேசல. சோறு மட்டும் போட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கறக்க உக்காந்தேன். பின்னாலயே நீளமான வயர்ல ஒரு பல்பைத் தூக்கிக்கிட்டு வந்து கம்பியில தொங்க விட்டாரு. நான் திரும்பியே பார்க்கல.

"கொஞ்சம் எந்திரி"ன்னாரு.

எந்திரிச்சேன். லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மாட்டுக்குப் பக்கத்துல குந்தினாரு. புதுக் கை பட்டதும் அது காலைத் தூக்கி ஒரு உதறு உதறுச்சு. பாத்திரம் உருண்டுச்சு, இருந்த பாலும் தரையில போச்சு.

"ஐயய்யோ! எந்திரிங்க மொதல்ல! அதுக்கு ஆளு மாறினா ஆகாது!"

அவர் எந்திரிக்கல. தலையைத் தூக்கி பல்பையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. "நீ உக்காந்தா சரியா இருக்கு. நான் உக்காந்தா என் நிழலு நேரா பாத்திரத்துல விழுது. லைட்டை அந்தத் தூணுக்கு மாத்திட்டா ரெண்டு பேருக்கும் தோதா இருக்கும்."

"எந்த ரெண்டு பேருக்கு?"

"எந்த ரெண்டு பேரா? உனக்கும் எனக்கும்தான்."

"அப்ப ஏஜெண்டு?"

"வரலைன்னு நேத்தே சொல்லிட்டேன்."

முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு வைக்கோல் மேலயே உக்காந்துட்டேன். அழுகையும் சிரிப்பும் ஒன்னா வந்துச்சு. அதோட விட்டேனா? "நேத்து சொன்னதை நேத்தே எங்கிட்ட சொன்னா என்னவாம்? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேனே!"ன்னு கத்தினேன்.

"நீதான் பேசவே இல்லையே"ன்னாரு.

மறுபடியும் மடிக்குக் கையைக் கொண்டு போனாரு. மாடு மறுபடியும் உதறுச்சு. "என் கைக்கு இது பழக எத்தனை நாளாகும்?"னு கேட்டாரு.

பத்து நாளைக்கு மேல ஆகாதுன்னு எனக்குத் தெரியும். "ஒரு வருஷம் ஆகும்"னேன்.

"ஆகட்டும்"னாரு.