கம்பளிக் கோட்டு ராஜா

தன் அப்பா சடையப்பன் சொந்தக் கப்பலில் ரங்கூனுக்கு வந்தவர் என்று உதயசூரியன் ஊரெல்லாம் கதை அளந்துவந்தார். அங்கே போட்டாதாங் பேட்டையில் பருப்புக் கிடங்கு வைத்திருப்பவர். தாமுவே பேட்டைத் தமிழர் மண்டபத்துக்குத் தலைவராகிவிட வேண்டும் என்று அரிப்பு. தலைமைக்குப் பரம்பரை வேண்டும், பரம்பரைக்குக் கப்பல் வேண்டும் என்பது அவருடைய அறிவு.

மண்டபத்தில் மாட்டத் தன்னைப் படம் வரையச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். காசுக்கு முகம் வரைவது என் பிழைப்பு. கைப்பேசியைக் காட்டினார். அதில் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய ராஜா ஒருவர், காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து, மிருக ரோமக் கோட்டும் விரலெல்லாம் மோதிரமுமாக நின்றார்.

"பாத்த ஒடனே ஆளப் பொறந்தவன்னு தெரியணும், ஆர்ட்டிஸ்டு."

ரங்கூன் வெயிலுக்கு ரோமக் கோட்டு! லான்மடா கடைத்தெருவில் கம்பளி வாங்கித் தைத்தார்கள்.

கொஞ்ச நேரத்திலேயே முட்டி வலிக்கிறது என்று ராஜா உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்து ராஜாக்களும் முகத்துக்கு மட்டும் வந்து உட்காருவதுண்டு, உடுப்பைப் போட்டுக்கொண்டு வேறு ஆள் நிற்பான் என்றேன். மனுஷருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிடங்கில் மூட்டை தூக்கும் சின்னத்தம்பிக்குக் கோட்டை மாட்டி நிறுத்தினார்.

"மொதலாளி, வேர்த்து ஊத்துது."

"அசையாதடா!"

மூட்டை ஏறி ஏறி வலது தோள் இறங்கி, கழுத்து இடப்பக்கம் சாய்ந்த உடம்பு அது. கண்டதை வரைந்து, மேலே உதயசூரியன் முகத்தை வைத்தேன். மோதிரமெல்லாம் வந்திருக்கிறதா என்று பார்த்தார். தோளை அவர் எங்கே பார்த்தார்!

திரை விலக்கிய அன்று கனகாம்பாள் வந்திருந்தார். ஒரு காலத்தில் படகுத்துறையில் இட்லி விற்றவர். படத்தைப் பார்த்ததும் கூவினார்.

"அய்யோ, நம்ம சடையப்பண்ணன்! அரிசி மூட்டைய எறக்கிட்டு இடுப்புல கை வச்சு இப்படியேதான் நிப்பாரு. தம்பி, அப்பனையே உரிச்சு வச்சிருக்கு!"

மண்டபம் சிரித்தது. கப்பல் அங்கேயே மூழ்கியது. அப்பா மூட்டை தூக்கியவர் என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருந்தால் அத்தனை பேரும் கை தட்டியிருப்பார்கள். அதற்கு மனசு வேண்டுமே. வெட்கங்கெட்ட மனிதர் தன் உடம்பையே கைகழுவினார்.

"அது நான் இல்ல, பெரியம்மா! மூஞ்சி மட்டுந்தான் நானு. நிக்கிறது அந்தா, அவன்!"

காபித் தட்டோடு நின்ற சின்னத்தம்பியைக் கனகாம்பாள் ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. கையைப் பிடித்து இழுத்து, தலைவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அப்போ சடையப்பண்ணன் மவன் நீதானாப்பா?"