தலைவலித் தூள் தர மாட்டேன்

பதுளை பஜாரில் மருந்துக் கடை வைத்தவன் ‘தர மாட்டேன்’ என்று சொல்லப் பழகுவதற்குள் பாதிக் கிழவனாகிவிடுவான். கல்லாவில் உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தும் அண்ணன் தம்பிகளே, உங்களுக்குத் தெரியாததா? அரிசியை அள்ளிக் கொடுக்கலாம், கருவாட்டை அள்ளிக் கொடுக்கலாம். தலைவலித் தூளையும் அப்படியே அள்ளிக் கொடு என்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. என்ன செய்துவிடுவார்கள், பார்க்கலாம்.

சிவப்பும் வெள்ளையும்

ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளின் தலையை வெட்டிக் கவ்வாத்து செய்யும் செல்லன் ஒருநாள் காதைப் பொத்திக்கொண்டு வந்தான். உள்ளே வண்டு புகுந்து இரைகிறதாம். விசாரித்தால், தலைவலிக்குச் சிவப்புத் தாள் பொட்டலம், இடுப்புவலிக்கு வெள்ளைத் தாள் பொட்டலம், இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறான். காலையும் மாலையும் இதே கதை.

எனக்கு வந்ததே கோபம்! கொழும்பில் கம்பெனிதான் வேறு வேறு, தாளுக்குள் இருப்பது ஒரே தூள். சேர்த்து விழுங்கினால் இரட்டைப் பங்கு, அதனால்தான் காது இரைகிறது, நிறுத்து என்றேன். இரண்டு பொட்டலங்களையும் அவன் முன்னால் பிரித்து வைத்தேன். உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். “அப்ப தாளுக்குத்தான் வேற வேற வெல வாங்குறீங்களா மொதலாளி?”

வெறும் வயிறு

முத்தம்மா தெமோதரைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். விடிகாலையில் வெறும் தேத்தண்ணியில் தூளைக் கலக்கிக் குடித்துவிட்டு, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஓடுவாள். வயிறு எரிகிறது, வாந்தி கறுப்பாக வருகிறது, அதற்கும் ஒரு தூள் கொடுங்கள் என்று வந்து நின்றாள்! எரிவதே அதனால்தான். கறுப்பு வாந்தி என்றால் உள்ளே ரத்தம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போ, இனி உனக்கு இந்தத் தூளே கிடையாது என்றேன். ஒரு துண்டு ரொட்டிகூடத் தின்னாமல் யார் இதைக் குடிக்கச் சொன்னது என்றும் கத்தினேன். அவளும் விடவில்லை. பிந்திப் போனால் அரை நாள் கூலிதான். அதைத்தான் தோட்டத்தில் அரைப் பேர் என்பார்கள். “ரொட்டி தட்டிக்கிட்டு நின்னா அரப் பேருதான் போடுவாங்க. மிச்சத்த நீங்க போடுவீங்களா?”

கங்காணி கேட்ட பெட்டி

முத்தம்மாவின் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு இறக்கும் பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக வந்து, தூளைப் பெட்டியோடு கேட்டார். எதற்கு என்றேன். மனுஷன் மறைக்கவேயில்லை. தோட்டத்து மருந்துக்காரரான டாக்டரையா பெரட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். கங்காணிக்கோ வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு உண்டு. ஆகவே காய்ச்சல்காரர்களுக்கு விடியுமுன் தூள் கொடுத்து, நெற்றியைக் குளிரவைத்து, மலைக்கு ஏற்றிவிடுவார். மதியத்துக்குள் சூடு திரும்பும். அவருக்கு என்ன போச்சு?

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது எனக்கு. இந்தத் தூள் சூட்டை மறைக்கும், நோயைப் போக்காது. ஒரு பொட்டலம்கூடத் தர மாட்டேன் என்றேன். கடையில் கூட இருக்கும் என் தம்பி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான். அந்தத் தோட்டத்து வியாபாரம்தான் எங்களுக்குச் சோறு. கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். “தூளு ஒங்கிட்ட மட்டுமா இருக்கு? இனி எங்க ஆளு ஒருத்தன் ஒங் கட வாசல மிதிக்கட்டும், பாக்குறேன்!”

பெரட்டுக் களம்

அடுத்த ஞாயிறு சந்தை நடுவே நின்றேன். காய்ச்சலோடு தூளைப் போட்டுக்கொண்டு மலை ஏறாதீர்கள், சூட்டோடு போய் டாக்டரையா முன்னால் நில்லுங்கள் என்று கத்தினேன். சிலர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்திருந்த முத்தம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் காதுகொடுத்துக் கேட்டாள்.

பிறகு அவள் புருஷனே காய்ச்சலில் விழுந்தான். கங்காணி வேறு கடையில் வாங்கிய தூளை, அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே அனுப்பியிருக்கிறார். அவள் கொடுக்கவில்லை. கொதிக்கிற உடம்போடு அவனைத் தாங்கிப் பிடித்துப் போய் டாக்டரையா முன்னால் நிறுத்தினாள். தொட்டுப் பார்த்தவர் அங்கேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். அவன் பிழைத்துக்கொண்டான், கஞ்சி குடிக்கிறான் என்று சொல்வதற்காகவே, கங்காணி போட்ட தடையையும் மீறிக் கடைக்கு வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கங்காணி சும்மா விட்டாரா என்று கேட்டேன். “மொறச்சாரு. ‘இன்னிக்கி ஒங்களுக்குத்தான் தலவலிக்கும், நீங்களே போட்டுக்கங்க’ன்னு பொட்டலத்த அவரு கையிலயே குடுத்துட்டு வந்தேன் மொதலாளி.”

பஜாரில் இப்போது என்னை ‘விற்காத மருந்துக் கடைக்காரன்’ என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நான் கடையை மூடவுமில்லை, கங்காணிக்கு ஒரு பொட்டலம் விற்கவுமில்லை.