பூஜையில் வைத்த கிட்டார்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். பகுதிநேர வேலை செய்து நானே வாங்கிய கிட்டாரைச் சென்ற ஆண்டு சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு வைத்தேன். பொட்டு வைக்கும்போதுதான், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டையில் விரிசலைக் கண்டேன். தீபாவளிக்கு எங்கள் வட்டாரமான தோ பாயோவின் சமூக மன்றத்தில் நான் வாசிக்க வேண்டும். பதறிப்போய், அதை ஒட்ட சூப்பர் குளூ பசையை எடுத்தேன்.

அம்மா தடுத்தார். "பூஜையில வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும். தொடாத!"

"உடைஞ்சிடும்மா!"

"சாமி முன்னாடி எப்படி உடையும்? போய் சுண்டல் சாப்பிடு."

மறுநாள் காலையில் கிட்டார் கடைக்கு ஓடினேன். பழுதுபார்ப்பவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லவேளை, குளூ போடல லா. உள்ள இறங்கியிருந்தா, பிரிட்ஜைக் கழட்டும்போது மேல்பலகையும் பிஞ்சு வந்திருக்கும். விரிசல் விட்டா, கம்பி இழுத்து இன்னும் பெருசாகும்; முதல்ல கம்பியத் தளர்த்துங்க."

புதிய பிரிட்ஜ் பொருத்தித் தந்தார். தீபாவளி மேடையில் வாசித்தேன். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

இப்போது பசையை நான் தொடுவதே இல்லை. வாசிக்காத நாட்களில் கம்பிகளைத் தளர்த்தி வைக்கிறேன். இந்த ஆண்டு பூஜையிலும் அப்படித்தான் வைத்தேன்.

அம்மா முறைத்தார். "கம்பியெல்லாம் தொங்குதே, சரஸ்வதி எப்படிடி வாசிப்பா?"

"அவங்ககிட்டதான் வீணை இருக்கேம்மா!"