அதிகப்படியாக ஓர் அம்பு

இன்டர்மீடியட் முதல் வருஷத்தில் ஃபிசிக்ஸ் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெப்பம், ஒளி எல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். மெக்கானிக்ஸ் மட்டும் மசியவே மசியாது. மேஜை மேல் கட்டை இருக்கும், கப்பியில் கயிறு தொங்கும், கயிற்றின் நுனியில் ஓர் எடை அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்துத் தலை சுற்றி, தோன்றிய பக்கமெல்லாம் அம்புக்குறி போட்டுவைப்பேன். அரைப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கைக் கேட்டு அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

"அடுத்த பரீட்சையிலயும் இப்படித்தான்னா நிறுத்திக்கலாம், கேட்டியா. தெருவுல எல்லாரும் கேக்கறா" என்றார்.

நிறுத்தினால் அடுத்து என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலியில் ஒரு பையன் தயாராக இருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, அவனைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் காலையில் மற்றப் பெண்கள் காலேஜுக்குப் போக, நான் மட்டும் வாசலில் நிற்பதை நினைக்கவே பிடிக்கவில்லை.

ஃபிசிக்ஸ் டீச்சர் கோட்டயத்துப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. பாடம் இங்கிலீஷில், திட்டு மலையாளத்தில். ஒரு நாள் போர்டில் இருந்த கட்டை, கயிறு, கப்பி அத்தனையையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு கட்டையை மட்டும் தனியாக வரைந்தார்.

"இதில் ஆரா தொடுந்நது? அது பறஞ்ஞால் மதி" என்றார்.

இதை யார் தொடுகிறார்கள் என்று மட்டும் சொன்னால் போதுமாம். தொடுகிற ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. தொடாமலே இழுப்பது பூமி ஒன்றுதான், அதற்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு. வேறெதையும் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையாளச் சீமையில், வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்தவளுக்குத் தொடுவதைப் பற்றி யாராவது பாடம் எடுக்க வேண்டுமா? காலையில் அம்மா குளித்து மடிப்புடைவை கட்டிக்கொண்டால், சமையல் முடிந்து நைவேத்தியம் ஆகும்வரை யாரும் அவள் மேல் படக்கூடாது. பட்டால் மடி போச்சு, மறுபடி குளியல். நேராகப் பட வேண்டும் என்பதுகூட இல்லை. நான் ஒரு போர்வையைத் தொட்டு, அந்தப் போர்வை கொடியில் தொங்கும் துணியில் பட்டு, அந்தத் துணி அம்மாவின் தோளில் உரசினால், நான் அம்மாவைத் தொட்டதாகவே தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அடுத்த வாரம் வகுப்பில் ஒரு சின்னச் சோதனை. மேஜை மேல் இரண்டு கட்டைகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன, ஒரு கை முதல் கட்டையைத் தள்ளுகிறது, இரண்டாவதைத் தனியாக வரைந்து காட்டு. வரைந்தேன். பூமிக்கு ஒன்று, மேஜைக்கு ஒன்று, உராய்வுக்கு ஒன்று, முதல் கட்டைக்கு ஒன்று. அப்புறம் அந்தக் கைக்கும் நல்ல தடிமனாக ஒன்று.

மறுநாள் எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரையும் டீச்சர் எழுப்பி நிறுத்தினார். மூன்று பேரும் அதே இடத்தில் அதே அதிகப்படி அம்பைப் போட்டிருந்தோம். மற்றவர்கள் யாரும் போடவில்லை.

"மூந்நு பேரும் நோக்கி எழுதியதாணோ?" என்று கேட்டார்.

பார்த்து எழுத வழியே இல்லை, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். கை முதல் கட்டையைத் தொடுகிறது, அது இரண்டாவதைத் தொடுகிறது, அப்படியானால் கை இரண்டாவதையும் தொட்டதுதானே என்று நான் மலையாளத்தில் அடித்துப் பேசினேன். மற்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். டீச்சர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூன்று தாள்களிலும் அந்த அம்பைச் சிவப்பு மசியால் அடித்தார்.

நானா விடுவேன்? வீட்டு உக்கிராண அறையில் உளுந்து நிரம்பிய தகர டின் ஒன்றும் காலி டின் ஒன்றும் இருந்தன. காலியை முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் உளுந்து டின்னை ஒட்டினாற்போல் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் இடது கையைக் கொடுத்துக்கொண்டு, வலது கையால் உளுந்து டின்னைப் பின்னாலிருந்து தள்ளினேன். மூச்சு முட்டியது. ஆனால் இடது கையில் பட்டது ஒரு சின்ன நெருடல்தான். மறுபடி தள்ளினேன். அதேதான். காலி டின்னுக்குத் தெரிந்ததெல்லாம் தன்னை ஒட்டி இருப்பது மட்டும். பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது அதற்குத் தெரியவே தெரியாது.

"எதுக்காக்கும் டின்னைப் போட்டு உருட்டறே?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்.

"படிக்கறேம்மா."

"படிக்கறதுன்னா உக்காந்து படி. இந்தப் பக்கம் வந்து எம்மேல பட்டுடாதே."

பரீட்சையில் ரயில் வந்தது. எஞ்சின் இழுக்கிறது, மூன்று பெட்டிகள் போகின்றன, கடைசிப் பெட்டியின் மேல் என்னென்ன விசைகள்? எஞ்சின் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. முன் பெட்டியோடு மாட்டியிருக்கும் கொக்கிக்கு ஓர் அம்பு, தண்டவாளத்துக்கு, பூமிக்கு. மார்க் வந்த அன்று வகுப்பில் எனக்கு மேலே ஒருத்திதான் இருந்தாள்.

அதோடு என் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அப்பாவிடம் மார்க்கைச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியும் போயிற்று.

"மார்க்கெல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா தெருவுல என்ன சொல்றான்னா, இத்தனை படிச்ச பொண்ணுக்கு அப்பறம்..."

எனக்கு ஆத்திரம் வந்தது. பாஸானாலும் இதே பதில் என்றால் நான் எதற்கு மாடாக உழைத்தேன்?

"தெருவுல யாரும் எங்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லலைப்பா. எங்கிட்ட சொல்றது நீங்க ஒருத்தர்தான். நீங்க என்ன சொல்றேள்?"

"அவா சொல்றதுலயும்..."

"அவாளை விடுங்கோ. உங்களுக்கு நான் படிப்பை நிறுத்தணுமா?"

அப்பா கழற்றிய சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அம்மாவும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எனக்கா?" என்றார். "எனக்கு நீ படிக்கணும்டி."

அதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவர் முகத்தைப் பார்த்தால், அவரும் அன்றுதான் கேட்டாரென்று தோன்றியது.